அரை வினாடித் தாமதமும் திறந்தமூல மென்பொருளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் சர்வர்களில் பெரும்பாலானவை டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் இயங்குகின்றன. 2024-இல் வெளிவந்த எக்ஸ்இசட் பின்கதவு (மென்பொருளில் ரகசியமாக வைக்கப்பட்ட நுழைவழி) விவகாரத்தைப் பற்றிய காணொளி ஒன்றை எங்கள் பொது மேலாளர் அண்மையில் பார்த்துவிட்டு, “இலவசமாக வருவதற்கு யார் பொறுப்பு? காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கே மாறிவிடலாம்” என்கிறார். மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் திறந்தமூலம் பாதுகாப்பானது என்றுதான் இத்தனை நாளும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் இது எப்படி உள்ளே நுழைந்தது? இனி அப்டேட்களை உடனுக்குடன் போடுவதா, பொறுத்திருந்து போடுவதா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் மேலாளரின் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உண்மைதான். யாராவது பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைத் திறந்தமூல ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. இணையத் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் பிழை 2012-இல் வெளியான பதிப்பில் புகுந்து, 2014 ஏப்ரல் வரை, பாதி உலகம் நம்பியிருந்த நிரலில் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. ஆகவே ஆயிரம் கண்ணுடையாள் காவல் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருக்கும்படி நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் எக்ஸ்இசட் விவகாரத்தில் எது உடைந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், மேலாளர் சொல்லும் மருந்து இந்த நோய்க்கு உரியதல்ல என்பது விளங்கும்.

எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்கி வைக்கும் கருவி. அதன் லைப்ரரியான (மற்ற மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) லிப்எல்இசட்எம்ஏ ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. 2024 பிப்ரவரி 24 அன்று வெளியான 5.6.0 பதிப்பிலும், மார்ச் 9 அன்று வந்த 5.6.1 பதிப்பிலும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் வசதி) வழியாக உள்ளே வர ஒரு பின்கதவு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட். அவர் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர். போஸ்ட்கிரஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர். அளவீடு கெடாமல் இருக்கக் கணினியில் மற்ற வேலைகளை அடக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்போது, தவறான பயனர் பெயரில் வந்து உடனே தோற்றுப்போகும் எஸ்எஸ்எச் முயற்சிகள்கூட சிபியுவை வழக்கத்தைவிட அதிகமாக விழுங்குவது அவர் கண்ணில் பட்டது. நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 0.299 வினாடி எடுக்க வேண்டியது 0.807 வினாடி எடுத்தது. எங்கே செலவாகிறது என்று தேடியபோது, எஸ்எஸ்எச்சுக்கு நேரடித் தொடர்பே இல்லாத லிப்எல்இசட்எம்ஏவுக்குள் போய் நின்றது. சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் என்னும் நினைவகப் பிழை தேடும் கருவியின் சோதனையில் வந்த விநோதமான எச்சரிக்கையும் அவருக்கு நினைவுக்கு வந்தது. மார்ச் 29 அன்று அவர் எல்லாவற்றையும் பொதுவெளியில் எழுதினார். அரை வினாடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. நம்மில் பலர் விட்டிருப்போம்.

இது ஏன் மற்றவர் கண்ணில் படவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. மூலநிரல் வைக்கப்பட்டு எல்லோரும் பார்க்கும் இடமான கிட் களஞ்சியத்தில் பின்கதவு முழுமையாக இல்லை. சுருக்கும் கருவியைச் சோதிக்க வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கோப்புகள் தேவைப்படும். அத்தகைய சோதனைக் கோப்புகளுக்குள் நஞ்சு பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. சிதைந்த கோப்பைத் திறந்து இது ஏன் சிதைந்திருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நஞ்சை வெளியே எடுத்து நிரலோடு சேர்க்கும் பில்டு ஸ்கிரிப்ட் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கட்டளைத் தொகுப்பு) களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டித் தரப்படும் டார் கோப்பில் மட்டுமே இருந்தது. சமையலறையை ஊருக்கே திறந்து காட்டிவிட்டு, பந்தியில் வேறொரு அண்டாவிலிருந்து பரிமாறியதைப் போன்றது இது. லினக்ஸ் விநியோகங்கள் பலவும் அந்த டார் கோப்பைத்தான் எடுத்துக்கொண்டன. அந்த ஸ்கிரிப்டும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது; எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகை) லினக்ஸில், டெபியன் அல்லது ஆர்பிஎம் (ஃபெடோரா போன்றவற்றின்) பேக்கேஜாக பில்டு ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கும்.

இன்னொரு சிறு வேலையும் அதே கைவரிசை. ஒரு நிரல் எதையெதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லேண்ட்லாக் என்னும் தடுப்பு வசதி கணினியில் உள்ளதா என்று அறிய, பில்டு நேரத்தில் ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பார்கள். கம்பைல் ஆகவில்லை என்றால் வசதி இல்லை என்று முடிவுசெய்து, அதை அணைத்துவிட்டு மேலே போவார்கள். அந்தக் குட்டி நிரலில், தனி வரியில், ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கணினியிலும் அது கம்பைல் ஆகாது; எந்தப் பிழைச் செய்தியும் யாரையும் எழுப்பாது. நிரல் மறுபரிசீலனை செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் புள்ளியைப் பிடித்திருப்பேன் என்று என்னால் மார்தட்டிக்கொள்ள முடியாது.

தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இதைச் செய்த ஆள் உள்ளே வந்த விதம். ஜியா டான் என்ற பெயரில் 2021-இல் தொடங்கப்பட்ட கணக்கு அது. பெயருக்குப் பின்னால் ஒருவரா ஒரு குழுவா என்பது இன்றும் வெளிவரவில்லை. எக்ஸ்இசட்டை நீண்ட காலமாகப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து, வேலை மிக மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும், தன் மனநலச் சிக்கல்களால் போதிய கவனம் செலுத்த முடியவில்லை என்பதையும் அவர் வெளிப்படையாகவே பதிலாக எழுதினார். நெருக்கியவர்கள் விடவில்லை. பக்கத்திலேயே, கேட்ட வேலையையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்துகொடுக்கும் ஜியா டான் இருந்தார். சோர்ந்துபோன மனிதர், கிடைத்த உதவிக் கையைப் பற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்பவர்கள் அந்தக் கடிதங்களை ஒருமுறை படித்துவிட்டு வந்து பேச வேண்டும்.

உலகின் கணிசமான சர்வர்கள் சார்ந்திருக்கும் ஒரு லைப்ரரியை ஒரே ஒருவர், ஓய்வு நேரத்தில், கூலியின்றிச் சுமந்தார். தாக்கியவர்கள் தேடிக் கண்டுபிடித்த ஓட்டை அதுதான். நிரல் திறந்திருந்ததும் மூடியிருந்ததும் அதற்கு அடுத்தபடி.

இனி மேலாளரின் யோசனைக்கு வருகிறேன். வலையமைப்புகளைக் கண்காணிக்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன், முழுக்கக் காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள். அதன் பில்டு அமைப்புக்குள் புகுந்தவர்கள் 2020 மார்ச் முதல் நஞ்சு கலந்த அப்டேட்டை அந்நிறுவனத்தின் கையொப்பத்தோடே வெளியிடவைத்தார்கள். ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதைப் பெற்றனர். தன் மீதே நடந்த ஊடுருவலை ஆராய்ந்த ஃபயர்ஐ என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் டிசம்பரில் கண்டுபிடிக்கும்வரை அது வெளியே தெரியவில்லை. எக்ஸ்இசட்டில் வெளியீட்டுக்கும் அம்பலத்துக்கும் இடையே ஐந்து வாரம். அங்கே ஒன்பது மாதம். இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பொது விதி எதையும் வகுக்க முடியாது, எக்ஸ்இசட்டில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும், ஃபிராய்ண்டால் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு தாமதத்தின் வாலைப் பிடித்து மூலநிரல் வரை போக முடிந்தது என்பதை உங்கள் மேலாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளுக்கு உள்ளேயும் இதே திறந்தமூல லைப்ரரிகள்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பொறுப்பு என்று அவர் கேட்பது, உரிம ஒப்பந்தத்தின் இழப்பீட்டு வரம்பு என்ற பகுதியை ஒருமுறை வாசித்தால் எவ்வளவு சுருங்கிவிடும் என்பது அவருக்கே தெரியும்.

அப்டேட் விஷயத்தில், பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய பதிப்பையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம் வருகிறது. டெபியனின் நிலையான கிளையான ஸ்டேபிளில் அப்போது இருந்தது எக்ஸ்இசட் 5.4.1, உபுண்டுவின் வெளியான எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புகளையும் நஞ்சு எட்டவில்லை. மாட்டிக்கொண்டவை டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா ராஹைடு, ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற, புதியதை முந்தி எடுப்பவை. தொழிற்சாலை சர்வரில் ஸ்டேபிள் அல்லது எல்டிஎஸ் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை அன்றன்றே போட்டுவிடுங்கள். புதிய பதிப்புக்கு அவசரமே இல்லை. எஸ்எஸ்எச் இணையத்தை நோக்கித் திறந்திருந்தால் அதை விபிஎன்னுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். இந்தப் பின்கதவு பரவியிருந்தாலும், வெளியிலிருந்து தொட முடியாத எஸ்எஸ்எச்சில் அதை நேராகத் தட்ட வழி இருந்திருக்காது.

எஸ்எஸ்எச் வசதியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் தானாக லிப்எல்இசட்எம்ஏவைப் பயன்படுத்துவதில்லை. நான் தயாராகிவிட்டேன் என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு வரி சொல்வதற்காக டெபியன் போன்றவை செய்த ஒட்டு வேலையால், சிஸ்டம்டியின் லைப்ரரி உள்ளே வந்தது. அதன் வாலைப் பிடித்து இதுவும் வந்தது. அந்த ஒரு வரியைச் சொல்ல லைப்ரரி எதுவும் தேவையில்லை. 2024 ஜூலையில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 அதைத் தானே செய்துகொள்கிறது. உங்கள் சர்வர்களில் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சேவை நிரல்) எந்தெந்த லைப்ரரியை இழுத்துவருகிறது என்று எல்டிடி கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நிறுவனம் சார்ந்திருக்கும் மற்ற முக்கிய மென்பொருள்களுக்கும் அதையே செய்து, அவற்றில் எதை ஒற்றை ஆள் பராமரிக்கிறார் என்று குறித்து வையுங்கள். மேலாளர் உரிமத்துக்கென்று ஒதுக்க நினைக்கும் தொகையில் ஒரு பகுதியை அந்த ஒற்றை ஆட்களுக்கு நன்கொடையாகவோ பராமரிப்பு ஒப்பந்தமாகவோ கொடுக்கும்படி அவரிடம் கேட்டுப்பாருங்கள்.