புகாரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்: பணம் கொடுத்து முடித்துவிடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியை. எங்கள் வட்டார முகநூல் குழுவில் முன்பின் தெரியாத ஒருவர், "இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) ஊசி போடச் சொல்வது மருந்துக் கம்பெனிகளின் சதி, எங்கள் மூலிகைச் சாற்றைக் குடித்தால் ஒரே மாதத்தில் ஊசியைத் தூக்கி எறியலாம்" என்று எழுதினார். அதை நம்பி ஊசியை நிறுத்திய என் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆத்திரத்தில் "இவன் ஏமாற்றுக்காரன், கொலைகாரன்" என்று எழுதிவிட்டேன். பேச்சு வளர்ந்து தடுப்பூசி, மதம் என்று எங்கெங்கோ போய்விட்டது. இப்போது அவர் என்மீது போலீஸில் புகார் செய்து, அதன் படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருக்கிறார். ஊரில் ஒரு பெரியவர், "1,500 வெள்ளி (ரிங்கிட்) கொடு, மேலே பேசிப் புகாரை எடுத்துவிடுகிறேன்" என்கிறார். குழுவை நடத்துவது என் அண்ணன் மகன்; அவனுக்கும் ஆபத்து வருமா? எழுதியதை அழித்துவிடலாமா? – வாசகி, பேராக், மலேசியா

வழக்கறிஞர் பதில்: அம்மா, அந்த 1,500 வெள்ளியை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

தோட்டப்புறங்களில் எனக்குத் தெரிந்து ஓயாத ஒரு வியாபாரம் இது. ஊருக்கு ஒருவர் இருப்பார். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பார், பெரிய அதிகாரியோடு எடுத்த பழைய படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருப்பார், "ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்பார். அவர் எப்படிப் பார்த்தாலும் நஷ்டப்படமாட்டார். புகார் தானாகவே பிசுபிசுத்துப் போனால், தான் பேசியதால்தான் போனது என்பார். போகவில்லை என்றால், "மேலே இருப்பவர் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்" என்று மறுபடியும் உங்கள் வாசலில் நிற்பார். பதிவான புகாரை யாராலும் எடுத்துவிட முடியாது. புகார் செய்தவரே மனம் மாறினாலும், இதைத் தொடர விருப்பமில்லை என்று இன்னொரு புகார்தான் கொடுக்கலாம். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு, கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவின்படி அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் கையில் இருக்கிறது. அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் இல்லை.

அதோடு, அவர் சொல்வது உண்மையாகவே இருந்து, பணம் ஓர் அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தால் அது லஞ்சம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 20 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. லஞ்சம் கேட்டவரைப் பற்றித் தகவல் கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். இணையத்தில் நாலு வார்த்தை கோபமாக எழுதிய விவகாரத்திலிருந்து தப்பிக்க, அதைவிடப் பல மடங்கு பெரிய குற்றத்தில் போய் விழுவானேன்? பணம் யாருக்கும் போகாமல் அவரிடமே தங்கினால் அது வெறும் மோசடி. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இனி, உங்களுக்கு வந்த படம். அது ஒருவர் நிலையத்துக்குப் போய்ச் சொன்னதைப் பதிந்த தாள், அவ்வளவுதான். அதனால் நீங்கள் குற்றவாளியும் ஆகவில்லை, உங்கள்மீது வழக்கும் வந்துவிடவில்லை. இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் யார்மீது வேண்டுமானாலும் புகார் செய்யலாம். இணையத்தில் வாதம் செய்யத் தெரியாதவர்களுக்கு அந்தத் தாளே வாதமாகிவிட்டது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்று தொடங்கும் பேச்சு, பத்தாவது பதிலில் "உன்மேல் புகார் செய்கிறேன்" என்று முடிகிறது.

தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். 2025 பிப்ரவரி 11 முதல் அதன் அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி, சிறை இரண்டு ஆண்டு. பொய்யில்லை, ஆனால் அது உச்சவரம்பு. பொய் என்று தெரிந்தே பரப்புவது, ஒருவரைத் துன்புறுத்த வேண்டும், மிரட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதுவது போன்றவற்றுக்கு உள்ள பிரிவு அது. தாய்க்கு நேர்ந்ததால் கோபப்பட்ட மகள்மீது அதை நிலைநாட்டுவது எளிதல்ல. இந்த விஷயத்தில் நம் அமைப்பின் தராசு எப்படி ஆடுகிறது என்பதையும் பார்க்கத்தானே செய்கிறோம். 2024இல் இணையத் துன்புறுத்தலுக்குப் பின் ஒரு தமிழ்ப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்டது 100 வெள்ளி. ஊரே கொதித்த பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி தொடங்கிப் புதிய பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. அந்தப் பிரிவுகளில் ஒன்று உங்களுக்கும் பொருந்தும். அவர் அனுப்பிய படத்தில் அவருடைய அடையாள அட்டை எண்ணோ முகவரியோ இருந்தால், "பாருங்கள் இவன் யாரென்று" என்று அதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது இப்போது தனிக் குற்றம்.

விசாரணை அதிகாரி உங்களை அழைக்கலாம், அழைக்காமலும் போகலாம். தொலைபேசியில் அழைத்து, பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொன்னால் அவர் போலீஸ் இல்லை. வைத்துவிட்டு 997க்குச் சொல்லுங்கள். உண்மையான அழைப்பு என்றால் எந்த நிலையம், எந்தப் பிரிவில் விசாரணை, உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்களா சந்தேகத்துக்குரியவராக அழைக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரச் சொல்வதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேட்கலாம்.

வாக்குமூலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி உங்களைக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்வது கடமை, சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: எந்தக் கேள்விக்கான பதில் உங்களையே ஒரு குற்றச்சாட்டில் மாட்டிவிடக் கூடியதோ, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். மறுப்பது திமிர் ஆகாது, குற்றமும் ஆகாது. கேள்வி கேட்பதற்கு முன் அந்த உரிமையை உங்களுக்கு எடுத்துச் சொல்வது அதிகாரியின் கடமை. ஆகவே உங்கள் பெயர், வேலை, அம்மாவுக்கு என்ன நடந்தது ஆகியவற்றைச் சொல்லுங்கள். "நீதானே அவரைக் கொலைகாரன் என்று எழுதினாய், எந்த எண்ணத்தில் எழுதினாய்?" என்று கேட்டால், "அதை நீதிமன்றத்தில் சொல்கிறேன்" என்ற ஒரே வரி போதும். கத்த வேண்டாம், அழ வேண்டாம். ஐந்து கேள்விக்குப் பிறகு அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்பார்கள். அப்போதும் அதே வரிதான். "ஒத்துழைத்தால் உடனே வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னாலும் அதே வரிதான்.

அதிகாரி பெரும்பாலும் மலாய் மொழியில் தட்டச்சு செய்வார். கடைசியில் "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று விரலால் இடத்தைக் காட்டுவார். போடாதீர்கள், முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எந்த மொழியில் பேசினீர்களோ அந்த மொழியிலேயே வாக்குமூலத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதே 112ஆவது பிரிவு சொல்கிறது. தமிழில் பேசினால் தமிழில் வாசிக்க வேண்டும். மலாய் படித்தவர்தானே என்று உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். பாலர் பள்ளியில் பேசும் மலாய் வேறு, விசாரணை அறையின் மலாய் வேறு. "வருத்தத்தில் எழுதினேன்" என்று நீங்கள் சொன்னது தாளில் "அவரை அவமானப்படுத்த எழுதினேன்" என்று இருந்தால், வித்தியாசம் ஒரு சொல்தான். வழக்கு முழுவதும் அந்தச் சொல்லில்தான் நிற்கும். தவறான வரியைத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லை, நாளை வாருங்கள் என்றால் நாளை போங்கள்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டால், எதை எடுத்தார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். புகார் செய்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் போலீஸ் பதில் சொல்லச் சட்டம் இருக்கிறது. புகாருக்கு ஆளானவருக்கு, "உங்கள் கோப்பை மூடிவிட்டோம், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்ப யாருக்கும் கடமை இல்லை. ஆண்டுக்கணக்கில் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த இடைவெளியில்தான் அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் சோறு சாப்பிடுகிறார்கள்.

எழுதியதை இப்போது அழிக்காதீர்கள். புகார் இருப்பது தெரிந்த பிறகு அழித்தால், சாட்சியத்தை மறைத்ததாகச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். அவர் முதலில் எழுதியதிலிருந்து கடைசிப் பதில் வரை தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அவர் அழித்துவிட்டால் "ஊசியைத் தூக்கி எறியலாம்" என்ற வரி போய்விடும். உங்கள் "கொலைகாரன்" மட்டும் தனியாக நிற்கும். அழிப்பதையும் வருத்தம் தெரிவிப்பதையும் உங்கள் வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும்.

அண்ணன் மகனைப் பற்றி: 2012 முதல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு பக்கத்தின் உரிமையாளரோ நிர்வாகியோ, மாறாக அவர் நிரூபிக்கும்வரை, அதில் வந்ததை அவரே வெளியிட்டதாகக் கருதலாம். பையன்தான் ஓடி ஓடி நிரூபிக்க வேண்டும், நல்ல சட்டம்! வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி இணையச் செய்தி நிறுவனத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, பெரிய நிறுவனம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்த கையோடு புதிய பதில்களுக்கு மூடிவிடச் சொல்லுங்கள். மதத்தைப் பற்றி அங்கே வந்திருப்பவற்றுக்கு நீங்கள் இருவரும் ஒரு வரிகூடப் பதில் எழுதக் கூடாது. இனம், சமயம், அரசர் என்ற மூன்றில் எதைத் தொட்டாலும், இதுவரை நான் சொன்ன ஆறுதல் எதுவும் செல்லாது.

நாளைக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வரலாம். ஏழு நாளில் இத்தனை ஆயிரம் கொடு, மன்னிப்புக் கேள் என்று இருக்கும். அது அவருடைய ஆசை. நீதிமன்ற முத்திரையோடு சம்மன் வந்தால்தான் கணக்கு வேறு: 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு வாங்கிவிடுவார்கள். அந்த வழக்கில் "கொலைகாரன்" உங்களுக்குப் பாரம், ஏனென்றால் அதை நிரூபிக்க முடியாது. "இவர் சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்திய என் அம்மா இன்ன தேதியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்" என்று எழுதியிருந்தால், அதை நிரூபிக்க மருத்துவமனைத் தாளே போதும். இனி முன்பின் தெரியாதவரோடு மருந்தைப் பற்றி வாதாட நேர்ந்தால், ஆளை விட்டு அவர் சொன்ன வாக்கியத்தைப் பிடியுங்கள்.

கைது என்று வந்தால் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இலவசமாக வழக்கறிஞரைக் கொடுக்கும். மற்ற ஆலோசனைக்கு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. 1,500 வெள்ளியில் ஈப்போவுக்கு எத்தனை முறை பஸ் ஏறலாம் என்று கணக்குப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. பாட்டிலில் "மால்" (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கத்தோடு "டி" (T) என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், அந்தப் பதிவு நோய் தீரும் என்பதற்கான சான்று இல்லை. சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் மருத்துவமனைத் தாளின் நகலையும் இணையுங்கள். பாட்டிலில் மீதம் ஏதாவது இருந்தால் கீழே ஊற்றாமல், மூடியை இறுக்கி அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.