இரவுப் பணியும் கணக்குப் பாடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் டீம் லீடராக இருக்கிறேன். மாலை ஆறரைக்கு உள்ளே போனால் அதிகாலை மூன்றரைக்கு வெளியே வருவேன். அமெரிக்க மருத்துவமனைகளின் கிளெய்ம்களில் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தவை எங்கள் குழுவுக்கு வரும். ஏன் மறுத்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டுக் குறித்துவைத்து அடுத்த குழுவுக்குத் தள்ளுவோம். சம்பளத்தில் குறையில்லை. மேடவாக்கத்தில் கடனில் வாங்கிய வீடு. ஒரே மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வாரத்தில் நான் கடிகாரத்தைப் பார்க்காத நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வீட்டிலிருந்து நன்றாக யோசித்து, பிறகு ஆசிரியராகிவிடலாமா என்று பார்க்கிறேன். ராமானுஜனையே துறைமுகத்தில் குமாஸ்தாவாக முடக்கிவைத்த ஊர்தானே இது என்று சில இரவுகளில் கசப்பு வருகிறது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் சொன்னால், “வேலையில் என்னடா திருப்தி? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா, அவ்வளவுதான்” என்கிறார். மனைவி கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., மேடவாக்கம்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் ராமானுஜனை முடித்துவிடுவோம். அவரை யாரும் துறைமுகத்தில் முடக்கிவைக்கவில்லை. அவரே விண்ணப்பித்துப் பெற்ற வேலை அது. கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று, டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்து, அதுவும் சோறு போடாமல் அலைந்தவருக்கு 1912 மார்ச்சில் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாயில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்தக் குமாஸ்தாவுக்கு உதவ முன்வந்த மனிதர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்று சொல்லித்தான் ராமானுஜன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அடுப்பும் எரிந்தது, கணக்குக்கும் நேரம் இருந்தது. உங்கள் கசப்புக்கு வேறு ஆளைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் நான் மூக்குக்கண்ணாடி வாங்கும் கடையில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவதற்கு முன் அதைக் கையில் பிடித்து, அதன் வழியே எதிரே உள்ள ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மேலும் கீழுமாக அசைப்பார். கம்பி எதிர்த்திசையில் நகர்ந்தால் பிளஸ், கூடவே நகர்ந்தால் மைனஸ். பவர் அளக்கும் கருவி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் வைப்பதற்குள் கை இந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிறகு கண்ணாடியை மாட்டிவிட்டு, வந்தவரிடம் செய்தித்தாளை நீட்டி வரி விளம்பரத்தைப் படிக்கச் சொல்வார். ஒருநாள் வயதான அம்மாள் ஒருவர் வீடு வாடகைக்கு, மணமகள் தேவை என்று தடங்கலில்லாமல் படித்துக்கொண்டே போனார். போதும் என்று இவர் நிறுத்தவே இல்லை. கடைசியில் கேட்காமலேயே ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். கடை வாடகை ஏறிவிட்டது, ஆன்லைனில் விற்கிறவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள், நின்று நின்று கால் வீங்குகிறது, பையனை இந்தத் தொழிலுக்கு வரவிட மாட்டேன் என்று என்னிடம் அரை மணி நேரம் புலம்பியதும் அதே நாள்தான்.

அவர் புலம்பலும் பொய்யில்லை, அந்த ஐம்பது ரூபாயும் பொய்யில்லை. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு, 1959-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலையில் மனம் கசந்த சமயங்களைப் பற்றிக் கேட்டால் நிர்வாகம், மேலதிகாரி, பணிச்சூழல் என்று சொன்னார்கள். மகிழ்ந்த சமயங்களைக் கேட்டால் ஒன்றைச் செய்து முடித்தது, பிறர் அதை மதித்தது, வேலையின் சுவை என்று வேறு பட்டியல் வந்தது. கசப்பை நீக்கினால் கசப்பு போகும், ஆனால் அதனாலேயே மகிழ்ச்சி வந்துவிடாது என்பது அவர் முடிவு. (நல்லது நடந்தால் தன் சாமர்த்தியம், கெட்டது நடந்தால் மேலாளரின் குற்றம் என்று சொல்வது மனித சுபாவம், அதைத்தான் இவர் அளந்திருக்கிறார் என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் உண்டு.)

உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இரவு விழிப்பு ஒரு துன்பம். அதற்கும் கணக்குப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை. பகல் வேலைக்கு மாறினால் தூக்கம் வரும், மகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிகாலையில் கம்பெனி வேனில் தலை சாய்த்துக்கொண்டு வரும்போது எடுத்த முடிவு எதையும் நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது விஷயம் வேலையின் துண்டாடல். ஒருவர் கட்டணத்தைப் பதிகிறார், இன்னொருவர் நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிறார், வேறொருவர் வந்த பணத்தை வரவு வைக்கிறார், வராததை நீங்கள் துரத்துகிறீர்கள். ஒஹாயோவில் கால் முறிந்து படுத்திருந்தவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று உங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளை உங்கள் கண்ணெதிரே கூட்டிக் காட்டுகிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்க்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ஒரு பக்கம் இரும்புத் தகடாக இருப்பது மறுபக்கம் இருக்கையும் விளக்குமாக, ஆள் ஏறத் தயாரான பெட்டியாக வெளியே வருகிறது. அவர் பெட்டியின் கூட்டைக் கட்டும் ஷெல்லில் இருந்தாரா, உள்ளே இருக்கை, விளக்கு பொருத்தும் ஃபர்னிஷிங்கில் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். குடும்பத்தோடு ரயில் ஏறும்போதெல்லாம் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்திருப்பார் என்று பந்தயமே கட்டுவேன். அவருக்குத் திருப்தி என்ற பேச்சு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதம் சும்மா இருந்து யோசிப்பது எனக்குச் சம்மதமில்லை. 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் நூற்பாலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. மேரி யஹோடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்தபோது, நேரம் கொட்டிக்கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடப்பதுகூட மெதுவாகிவிட்டது. அவர்கள் வறுமையில் இருந்தவர்கள், நீங்கள் சேமிப்போடு விடப்போகிறவர், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் காலையில் போக ஓர் இடம் இல்லாத மனிதனுக்கு யோசனை கூர்மையாகும் என்று நான் நினைக்கவில்லை. அதிலும் மாதத் தவணை கட்டுகிறவனுக்கு.

ஆசிரியர் வேலைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்றால் பி.எட். வேண்டும். 2015 முதல் அது இரண்டாண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் இருக்கிறது. தனியார் பள்ளியில் தொடக்கச் சம்பளம் என்னவென்று தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது கேளுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் மெடிகேர் என்றால் என்ன, மெடிகெய்டு என்றால் என்ன, கிளெய்மை ஏன் மறுக்கிறார்கள் என்று அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தர யாராவது இருப்பார்கள். பயிற்சி வகுப்புகள் பல இடங்களில் பகலில்தான் நடக்கின்றன. டீம் லீடராக இருந்தவர் அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. சம்பளம் சற்று இறங்கலாம், இறங்கினாலும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் பி.எட். பற்றிப் பேசுவோம்.

ஞாயிறு வகுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். இலவசமாகச் சொல்லித் தருகிறீர்கள் என்றால் அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் வாங்குங்கள். பணம் கொடுக்கும் பெற்றோர், காலாண்டுத் தேர்வில் ஏன் எட்டு மதிப்பெண் குறைந்தது என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். நாலைந்து பேர் அப்படி வந்துபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.