எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் பபிள் சார்ட் முறையில் எத்தனை இடமாற்றம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும், ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. தொடக்கக் கல்லூரியில் கம்ப்யூட்டிங் படிக்கும் என் மகளுக்கும் இதே சந்தேகம் வந்தது. தேக்கா சந்தையில் தோசைக்குக் காத்திருந்தபோது, கையில் இருந்த ரசீதின் பின்பக்கத்தில் 4, 1, 3, 2 என்று எழுதிக் காட்டினேன்.

பெரிய எண் முன்னால், சிறிய எண் பின்னால் நிற்கும் ஜோடிகளை எண்ணுங்கள்: (4,1), (4,3), (4,2), (3,2). மொத்தம் நான்கு. இவை தலைகீழ் ஜோடிகள். பபிள் சார்ட் பக்கத்துப் பக்கத்து எண்களைத்தான் மாற்றும். 4, 1 இரண்டும் இடம் மாறினால் அந்த ஒரு ஜோடி மட்டும் சரியாகும்; மற்ற எண்களைப் பொறுத்தவரை எதுவும் மாறாது. அதனால் ஒரு மாற்றத்துக்கு ஒரு ஜோடி குறையும், நான்கு மாற்றத்தில் வேலை முடிந்துவிடும்.

n எண்கள் முழுக்கத் தலைகீழாக இருந்தால் n(n−1)/2 மாற்றங்கள். 100 எண்களுக்கு 4950! தாறுமாறாகக் கலைத்த வரிசைக்குச் சராசரியாக அதில் பாதி, 2475.

சரி, இன்னோர் அடுக்கும் முறையான குயிக் சார்ட் இத்தனை மாற்றங்களிலிருந்து எப்படித் தப்பிக்கிறது? அதுவும் இடம் மாற்றும் முறைதான், ஆனால் தூரத்து எண்களை மாற்றும். 5, 4, 3, 2, 1இல் முதலையும் கடைசியையும் மாற்றிப் பாருங்கள். பத்து ஜோடிகளில் ஏழு ஒரே அடியில் காலி.