கூப்பிடு தூரம்

கேள்வி: வீடு அமைதியாக இருக்க வேண்டும். கடை, தியேட்டர், பூங்கா எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்குமா?

பதில்: ‘கூப்பிடு தூரம்’ என்று எழுதியபோதே மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் கூப்பிட்டால் தியேட்டருக்குக் கேட்கும் என்றால், தியேட்டர் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காதா? அதற்குத் தொண்டை பெரிது.

கூப்பிடு தூரம் பழைய அளவை. நான்கு கூப்பீடு ஒரு காதம். காதம் என்றால் பத்து மைல் என்று எங்கள் மெய்ப்புத் திருத்துபவர் பல வருடமாகச் சாதிக்கிறார். அகராதியும் அவர் பக்கம்தான். அப்படியானால் ஒரு கூப்பீடு இரண்டரை மைல். அவ்வளவு தூரம் கேட்கும்படி கூப்பிட்டவர் யார், கூப்பிடப்பட்டவர் எதற்காக அத்தனை தொலைவு ஓடினார் என்று கேட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைவு. இந்தப் பதிலையும் அவர்தான் திருத்துவார். மைல் கூடியிருந்தால் நான் பொறுப்பில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80 டெசிபல் அலறும் ஸ்பீக்கர், 20 மீட்டரில் 74, 40 மீட்டரில் 68. படுக்கையறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு 30. வெறும் தூரத்தை நம்பி அதுவரை இறங்க 3 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கிருந்து இரண்டாம் ஆட்டத்துக்கு நடந்து பாருங்கள்.

ஆகவே தூரத்தை விட்டுவிட்டு மறைப்பைத் தேடுங்கள். கடைத்தெருவுக்கு அடுத்த தெரு, நடுவில் இடைவெளியில்லாத ஒரு வரிசைக் கட்டடம், பின்பக்கம் படுக்கையறை. ‘தம் தம்’ மட்டும் சுவரையும் தாண்டி வரும், அதற்கு வழி கிடையாது. வீடு பார்க்கப் பகலில் போகாதீர்கள். சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்து நில்லுங்கள். தரகர் கொட்டாவி விடட்டும்.

குடிவந்தபின் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், சார்லஸ் பாபேஜை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இயந்திரம் வடிவமைத்த மூளை. லண்டன் தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களோடு மல்லுக்கட்டினார். 1864-ல் அந்த வாசிப்பைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. ஆனால் அவர் எதிர்க்க எதிர்க்க, வேண்டுமென்றே அவர் வாசலுக்கு வந்து வாசித்தார்கள்.

நானும் ஒருமுறை ஊருக்கு வெளியே, ஈ காக்கை இல்லாத இடத்தில் குடியிருந்தேன். முதல் ராத்திரி ஃப்ரிட்ஜ். திடீரென்று உறுமும், ஓயும்போது ஒரு குலுக்கல், மேலே இருந்த இரண்டு டம்ளரும் ஒன்றோடொன்று உரசும். எழுந்துபோய் டம்ளரை எடுத்துவைத்தேன். அப்போது குழாய் சொட்டுவது கேட்டது. அடியில் துணியைப் போட்டேன். கடிகாரம் கேட்டது. பேட்டரியைக் கழற்றினேன். அப்புறம் என் மூக்கு விசிலடிப்பது கேட்டது.

இப்போது கடைத்தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிறேன். அதே ஃப்ரிட்ஜ்தான். சத்தமே போடுவதில்லை.