மெத்தா தியானம் செய்தால் பிடிக்காதவர் மேலும் அன்பு வருமா? கோயிலுக்குப் போகிறவர்கள் செய்யலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மெத்தா என்பது, எல்லோரும் நலமாயிருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தும் பௌத்தத் தியானம். கோயிலுக்குப் போகிறவர்களும் தாராளமாகச் செய்யலாம். தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன்தான், நாகப்பட்டினத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். லைடன் செப்பேடு என்று சொல்கிறோமே, அதில் இருப்பது இந்தச் சங்கதிதான். அதற்கும் பல நூற்றாண்டு முன்பு புத்ததத்தர் என்ற பௌத்தத் துறவி காவிரிக்கரையில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதியிருக்கிறார். நம் ஊருக்கு இது புதுச்சரக்கு இல்லை. நான் திருநீறு பூசிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

இனி முதல் கேள்வி. அன்பு வரும். ஆனால் பிடிக்காதவரிடமிருந்து ஆரம்பித்தால் வராது. முதல் நாளே, வரப்பைச் சீவிக்கொண்ட பங்காளியை மனதில் உட்காரவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ‘நீ நல்லாயிரு’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் என்ற துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் இதற்கு வரிசை வைத்திருக்கிறது. முதலில் நமக்கு நாமே. அடுத்து ஆசிரியர் போல நாம் மதிக்கும் ஒருவர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர். பகைவர் கடைசியில்தான். இறந்தவரை வைத்துச் செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. அப்பா படத்துக்கு முன் உட்காரலாமா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ‘பகை இல்லாமல், வருத்தம் இல்லாமல், சுகமாக இருக்கட்டும்’ என்று மனதுக்குள் சொன்னால் போதும். நெஞ்சு உருகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உருக்கம் சில சமயம் ஏமாற்றும். துபாயில் இருக்கும் மகனை நினைத்துக் கண் கலங்குவது பெரும்பாலும் பற்று. மெத்தாவுக்குக் கூடவே திரியும் எதிரி என்று அந்த நூல் சொல்வதும் அதைத்தான்.

என்னைக் கேட்டால், விருப்பு வெறுப்பு இல்லாதவர் என்கிற கட்டத்தில்தான் சாரமே இருக்கிறது. எனக்கு அவர் எங்கள் வாய்க்கால் லஸ்கர், மதகைத் திறந்து தண்ணீர் விடுகிறவர். மேட்டூர் திறந்தால் ‘தண்ணி எப்ப வரும்ணே?’ என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. அவரை வைத்துச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஆளே கண்ணில் பட்டார். ஷட்டர் சாவியை சைக்கிள் கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார், ஹேண்டில்பாரில் தூக்குவாளி தொங்கும், மதகைத் திருகும்போது இடது தோளைக் கொஞ்சம் தாங்கித் தாங்கித் திருகுவார். ‘தோள்ல என்னண்ணே?’ என்று தானாக வாயில் வந்தது.

பங்காளி விஷயத்துக்கு வருவோம். கோபம் அடங்காவிட்டால் புத்தகோசர் பல யோசனை சொல்கிறார். ஒன்று எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: அவருடைய எதன்மேல் உனக்குக் கோபம், தலைமுடி மேலா, நகத்தின் மேலா, உடம்பில் இருக்கும் தண்ணீரின் மேலா? இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் கோபம் உட்கார இடம் கிடைக்காது. அதுவும் முடியாதவர்களுக்குக் கடைசி வழி: அவருக்கு ஏதாவது கொடு, அவர் கொடுத்தால் வாங்கிக்கொள். பொங்கலுக்கு ஒரு பூவன் தார் அனுப்பினேன். சித்தப்பா மகன், எனக்கு மூத்தவர், ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். பங்குனியில் அவர் வயல் உளுந்து ஒரு மரக்கால் எங்கள் திண்ணையில் இருந்தது. பேச்சு இன்னும் தொடங்கவில்லை. சர்வேயருக்கு மனுவும் போட்டிருக்கிறேன், கல் நடத்தான் போகிறார்கள். அவர் நல்லாயிருக்கட்டும், வரப்பும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

மெத்தாவோடு கருணை, முதிதை, உபேட்சை என்று இன்னும் மூன்று உண்டு. எதிலும் சாயாமல் நடுநிலையாக இருக்கும் உபேட்சைக்கு நான் இன்னும் போகவில்லை. கருணை நமக்குச் சுலபம். 2018இல் கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்தபோது ஆளுக்கு ஆள் ஓடி ஓடி உதவியதைப் பார்த்தோம். அடுத்தவர் நன்றாயிருப்பதைப் பார்த்து மகிழும் முதிதைதான் கடினம். பக்கத்து வயலில் ஒரு மா நிலத்துக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கண்டால் ‘கண்டுமுதல் நல்லாயிருக்கே’ என்று வாய் சொல்லும், வயிறு எரியும். இதைப் பழக நெல் கொள்முதல் நிலையத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நம் குவியலைத் திரும்பக் காயப்போடச் சொல்லிவிட்டு, பின்னால் வந்தவர் நெல்லைத் தூற்றி எடை போடுவார்கள். வானம் வேறு மூடிக்கொண்டு வரும். தார்ப்பாயை இழுத்து மூடியபடியே ‘அவர் நெல்லாவது நனையாமல் போகுதே’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எனக்கு இப்போது வருஷத்தில் ஒன்றிரண்டு மூட்டைக்கு அது நிஜமாகவே வருகிறது. மற்ற மூட்டைகளுக்கு வாய்தான் சொல்கிறது.