மாதத் தவணையில் ஆன்லைன் வகுப்பு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். மகன் அரசுப் பள்ளியில் எட்டாவது. ஆன்லைன் வகுப்பு விற்க வீட்டுக்கு வந்தவர் அவனுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். "பேசிக்கே வீக்குங்க, இப்ப விட்டா டாக்டர் கனவு அவ்வளவுதான்" என்றார். 48,000 ரூபாய், மாதத் தவணை. சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பின் தெரியாதவர் முன்னால், அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருக்க, திடீரென வைக்கும் டெஸ்ட்டில் எந்தப் பிள்ளையும் தடுமாறும். உங்களைப் பயமுறுத்தத்தான் அந்த டெஸ்ட். நம் பக்கம் முன்பெல்லாம் கடன் வாங்கியாவது நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளில் சேர்த்தார்கள். அதே ஆசை இப்போது போனுக்கு வந்திருக்கிறது. ஆசையில் தப்பே இல்லை. கடனில்தான் சிக்கல்.

தவணை என்று அவர் சொன்னது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பணம் மொத்தமாக வகுப்பு நடத்துபவருக்குப் போய்விடும். பையன் இரண்டாம் மாதமே வகுப்பைத் திறக்காவிட்டாலும் தவணை தானாக நிற்காது. உங்களுக்கோ வாரச் சம்பளம். ஆர்டர் குறைந்தால் ஷிப்டும் குறையும். கணக்கில் பணம் இல்லாத மாதம் அபராதமும் சேரும். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி தராதீர்கள் என்று 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது.

ஒருவேளை கடனுக்குச் சம்மதமாகப் போனில் வந்த ஓடிபியைச் சொல்லிவிட்டீர்களா? இன்றே எழுத்தில் ரத்து கேளுங்கள். டிஜிட்டல் கடனைத் தொடக்கத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதமின்றித் திருப்பிக் கட்டி விலக ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, பையனுக்கு என்ன செய்வது? எட்டாவதில்தான் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு எழுத முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள், அவர்கள் கேட்கும் அதே 48,000. தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். டாக்டர் ஆசைக்காக அவனை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றியும் விடாதீர்கள்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோக்கள் இலவசம். ஒரு மாதம் அதைப் பார்க்கட்டும். வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இன்னைக்கு என்ன பாத்தே கண்ணு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்லத் திணறும் பாடத்தைக் குறித்து வைத்து, வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.