பழைய காருக்கு டயரில் எவ்வளவு காற்று வைப்பது சரி?

கேட்டவர் சொல்வது இது: வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது, டிரைவர் பக்கக் கதவோரம் இருந்த ஸ்டிக்கர் உரிந்துபோச்சு, பஞ்சர் கடையில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் கணக்கு) என்கிறார்கள், நண்பரோ டயரிலேயே எழுதியிருக்கிறதே அதைப் பார்த்து வை என்கிறார். நண்பர் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கயத்தாறு பக்கம் அம்மாவோடு ரோட்டை விட்டு இறங்கினேன்.

என்னுடையது 2002 மாருதி 800. அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். 2018-இல் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். காற்று எவ்வளவு என்று கேட்டபோது கடைப் பையன் டயரைத் திருப்பிக் காட்டி, "அண்ணே, இதுலயே 44னு போட்டிருக்கு, நான் 38தான் வெக்கிறேன், மைலேஜ் நல்லா வரும்" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு வருடத்துக்கு மேல் மாதாமாதம் பங்க்கில் நிறுத்தி 38, 38 என்று சொல்லியே அடித்தேன். வண்டி கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போட்டது. பழைய வண்டி, ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

2019 மே மாதம் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம், நானும் அம்மாவும் மட்டும். கோவில்பட்டி தாண்டும்வரை கொளுத்தும் வெயில். கயத்தாறு வரும்போது திடீரென்று கோடை மழை, பெரிய பெரிய சொட்டாக. ரோட்டில் மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் பத்து நிமிட மழையில்தான் வழுவழுவென்று மேலே வரும். மீடியன் இடைவெளியில் ஒரு மொபட் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் இல்லாத வண்டி. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகிறது, அப்புறம் இடது பக்கம் மண்ணில் இறங்கி ஒரு கருவேல மரத்துக்கு முன்னால் நின்றது. மொபட்காரருக்கும் எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த சாம்பார் முழுக்க அம்மாவின் கால்மாட்டில். அம்மா திட்டவில்லை, கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை மட்டும் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

திருநெல்வேலியில் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வேறு எதையும் பார்க்காமல் முன் டயரின் மேல் கட்டை விரலைக் குறுக்கே ஓட்டச் சொன்னார். ஓரத்தில் பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், நகம் இறங்கும் அளவுக்கு ஆழமாக இருந்தது, புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகூட அங்கங்கே நின்றது. நடுவில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. "நடுவுல மட்டும்தான் சார் ரோட்டத் தொட்டிருக்கு" என்றார். வண்டி எடையே கிட்டத்தட்ட 650 கிலோ, 145 அகல டயர், அதிலும் பாதிதான் தரையில் படுகிறது என்றால் ஈர ரோட்டில் எது பிடிக்கும்?

ஊருக்கு வந்து பீரோவில் ஆர்.சி. பையோடு இருந்த கம்பெனிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது 30-க்கும் கீழே. அந்த எண்ணை இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை, எழுதினால் யாராவது வேறு வருட மாடலுக்கு, வேறு அளவு டயருக்கு அதையே அடித்துவிடுவார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் 44 என்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதே டயர் எத்தனையோ வண்டிக்குப் போகும், உங்கள் வண்டியின் எடை அந்த டயருக்குத் தெரியாது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டிக்கு உரியது. கதவோரம், பெட்ரோல் மூடியின் உட்புறம், கிளவ் பாக்ஸ், கையேடு இந்த நான்கில் ஒன்றில் இருக்கும். பழைய புத்தகங்களில் கிலோ கணக்கில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ அழுத்தம் என்று) போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், 2 கிலோ என்றால் ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. சில வண்டிகளுக்கு ஆள் நிறைய ஏறினால் பின் டயருக்குத் தனி எண் இருக்கும், அதையும் பாருங்கள்.

உடனே "நான் 35 வைத்தே இருபது வருடமாக ஓட்டுகிறேன்" என்று சிலர் வருவார்கள். ஓட்டுங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனியே 33, 35 கொடுத்திருக்கலாம், இப்போது வரும் கனமான வண்டிகள் பலவற்றுக்கு அதுதான் சரி. நான் மெக்கானிக் இல்லை, வங்கி வேலைதான். ஆனால் 35 எல்லா வண்டிக்கும் பொது என்று சொல்பவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

இன்னொன்று, வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை, இல்லாவிட்டால் வெடிக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நேர்மாறு. காற்று குறைந்தால் டயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும், அந்த மடிப்பில்தான் சூடு ஏறுகிறது, நாற்கரச் சாலையில் வெடிக்கும் டயர்களில் பல இப்படிப்பட்டவைதான். வெப்பம் 6 டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும், ஓடி வந்த வண்டியில் நாலைந்து கூடக் காட்டும். அது கணக்கில் சேர்த்ததுதான், வழியில் நிறுத்தி இறக்கிவிடாதீர்கள். அளக்க வேண்டியது காலையில், மூன்று மணி நேரமாவது வண்டி நின்ற பிறகு. அதனால் காற்றை அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். நான் பேனா மாதிரி ஒன்று வாங்கினேன். பக்கத்து பங்க் மெஷினுக்கும் அதற்கும் 4 பி.எஸ்.ஐ. வித்தியாசம், மெஷின் கூடக் காட்டுகிறது.

உங்களுடையது அம்பாசடர், பத்மினி என்றால் புத்தகத்தில் இருப்பது அந்தக் கால கிராஸ்பிளை (உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே போகும்) டயருக்கான எண். இப்போது பொதுவாகக் கிடைக்கும் ரேடியல் டயர் போட்டிருந்தால் கொஞ்சம் கூட வேண்டும். எவ்வளவு என்று தெரியாவிட்டால் காலையில் குளிர்ந்த டயரை அளந்து, அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 5, 6-க்கு மேல் ஏறியிருந்தால் காற்று குறைவு. 2-கூட ஏறவில்லை என்றால் அதிகம். இது பழைய ஓட்டுநர்களின் கைக்கணக்கு, ஆனால் எனக்குச் சரியாகவே வருகிறது. டயரின் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 1418 என்றால் 2018-இன் 14-வது வாரம்.

"இதற்கெல்லாம் மெனக்கெடாமல் புது வண்டி வாங்கலாமே" என்று கேட்பவர்கள் மீது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 2017-இல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது அதற்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள், அடுத்த மாதமே என் முறை வந்தது. இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று ஆகிவிட்டது, 2027-இல் நான் அதையும் கட்டுவேன். மாதம் 200 கிலோமீட்டர்கூட ஓடாத, புகைச் சான்றிதழ் ஒழுங்காக வைத்திருக்கிற ஒருவரிடம் எதற்காக இவ்வளவு வாங்க வேண்டும்? இந்தப் பணத்தில் இரண்டு டயர் மாற்றுவேன், அதனால் ரோட்டில் போகிற எல்லோருக்கும்தான் நல்லது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் அளந்து எழுதி வையுங்கள். ஸ்டெப்னியைக் கட்டாயம் பாருங்கள், என்னுடையதில் அன்றைக்கு 12தான் இருந்தது. பிறகு வண்டி எந்த மாடல், எந்த வருடம், டயரில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று கீழே சொல்லுங்கள். 800 என்றால் என் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.